சரக்குக் கப்பல்ல பயணியா போக முடியுமுங்களா? (தூத்துக்குடி – ஐரோப்பா)

சாமுண்டிபுரத்தான் எழுதியது:

வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில ஷிப்பிங் பார்க்கறேன். கல்யாணத்துக்கு முன்னாடி சேந்தது, இப்ப ரிட்டயர்மென்டு பக்கத்துல வந்து நிக்குது. இத்தன வருசமா பெட்டில சரக்கேத்தி, சீல் போட்டு, தூத்துக்குடிக்குத் தாட்டி விடறதுதான் பொழப்பு. அது ராட்டர்டாம் போகும், ஹாம்பர்க் போகும், ஃபெலிக்ஸ்டோ போகும். எந்தக் கப்பல், என்னைக்குக் கொழும்பு, என்னைக்கு சூயஸ், எல்லாம் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். நான் போனது என்னமோ துறைமுக கேட்டு வரைக்கும்தான்.

மக நெதர்லாந்துல இருக்கறா. வேலை முடிஞ்சதும் வந்து ரெண்டு மாசம் இருங்கப்பாங்கறா. ஃப்ளைட்ல ஏறுனா ஒரு நாள்ல கொண்டு போய் எறக்கிருவான். எனக்கென்ன ஆசைன்னா, நம்ம பெட்டி போற கப்பல்லயே போய் எறங்கோணும். வெள்ளக்காரங்க காசு குடுத்து அப்படிப் போறத வீடியோல பார்த்தேன். நம்மாளுக போலாமுங்களா? என்ன செலவாகும்? எனக்கு சர்க்கரை இருக்குது, மாத்திரை மட்டும்தான், ஊசி இல்ல. வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஊட்டுக்காரம்மாகிட்டச் சொன்னேன், "போறதுன்னா போங்க, நான் ஃப்ளைட்ல முன்னாடி போய் சோறாக்கி வெக்கறேன்"னுட்டா.

காங்கேயம் காளை எழுதியது:

அண்ணா, நாப்பதடிப் பெட்டில ரெண்டு அட்டி பனியனுக்கு நடுவுல பாய் விரிச்சுப் படுத்துக்கங்க. டிக்கெட்டே வேண்டாம். வி.ஜி.எம். எடைச்சீட்டுல உங்க எடையையும் மறக்காம சேத்துப் போட்ருங்க.

இருகூர் பெட்டி எழுதியது:

காளை, அப்படி ஒளிஞ்சு போனவங்க உள்ளயே செத்த கதையெல்லாம் இருக்குது. பெட்டிக்குள்ள காத்து போகாது, பூச்சிக்குப் புகை மருந்து அடிச்சிருந்தா கேக்கவே வேண்டாம். வெளையாட்டுக்குக் கூட வேண்டாமப்பா.

சாமுண்டிபுரத்தாருக்கு: நான் சி.எச்.ஏ. (கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் ஏஜென்டு) ஆபீஸ்ல இருக்கறவன், உங்க பக்கத்துச் சோலிதான். உங்களுக்கே தெரியும், திருப்பூர், கரூர்ப் பெட்டிக தூத்துக்குடில ஏறுறது பெரும்பாலும் ஃபீடர்ங்கற சின்னக் கப்பல்ல. அது கொழும்புல கொண்டு போய் எறக்கும், அங்கிருந்து மதர் வெசல்ங்கற பெரிய கப்பல். ஃபீடர்ல ஆளேத்தற பழக்கமே இல்லீங்க. கொச்சி வல்லார்பாடத்துலயும் அதே கதைதான். விழிஞ்சத்துக்கு 2024 ஜூலைல மொதல் மதர் வெசல் வந்துது, இப்ப 400 மீட்டர் நீளக் கப்பலே வந்து போகுது. ஆனா கப்பல்காரன் ரூம் வித்தாத்தானுங்களே நாம ஏறுறது.

ரூம் இல்லாம இல்ல. பெரிய கப்பல்ல ஓனர்ஸ் கேபின், சூப்பர்கார்கோ கேபின்னு ரெண்டு மூணு எப்பவும் சும்மாதான் கெடக்கும். அதத்தான் ஐரோப்பாவுல ஏஜென்டுக வழியா வித்தாங்க. உலகச் சட்டப்படி 12 பயணிக்கு மேல ஏத்துனா அது பயணிக் கப்பல் ஆயிரும். அதுக்கு உயிர்ப்படகுல இருந்து தீத்தடுப்பு வரைக்கும் வேற கணக்கு. அதனால 12க்கு மேல எவனும் ஏத்த மாட்டான், பெரும்பாலும் நாலஞ்சு பேருக்குத்தான் எடம். 2020ல கொரோனா வந்ததும் எல்லாக் கம்பெனியும் நிறுத்துனாங்க. பொறவு திரும்பத் தொறந்தது கொஞ்சம்தான், அதும் ஐரோப்பாப் பக்கம்.

பொள்ளாச்சி-ஹாம்பர்க் எழுதியது:

நான் போயிருக்கிறேன். கொரோனாவுக்கு முன்னாடி, ஹாம்பர்க்கில் வேலையில் இருந்தபோது. அங்கே ஏஜென்ட் மூலமாக புக் பண்ணினேன். அன்றைக்கு நாளுக்கு 100 யூரோ கணக்கு, மூணு வேளை சாப்பாடும் அதிலேயே. டாக்டர் சர்டிபிகேட், இன்சூரன்ஸ், வழியில் இருக்கிற அத்தனை துறைமுகத்துக்கும் விசா, இந்த மூணும் கையில் இல்லாமல் டிக்கெட் கொடுக்கவே மாட்டேன் என்று விட்டார்கள். அதிகபட்ச வயது என்று ஒன்று வைத்திருப்பார்கள், பெரும்பாலும் 75லிருந்து 80க்குள்.

கப்பலில் பயணி என்று நானும் ஒரு சுவிஸ் தாத்தாவும்தான். என் கேபின் ஏ.சி., சோபா, மேஜை எல்லாம் வைத்து, கோயமுத்தூரில் நான் காலேஜ் படித்தபோது இருந்த ரூமைவிடப் பெரிசு. ஜன்னலும் பெரிசு. கடல்தான் தெரியவில்லை. சூயஸ் வரைக்கும் ஜன்னலுக்கு நேராக ஒரு செங்கல் நிறப் பெட்டி, அதன் கதவுக் கம்பியும் சீலும் மட்டும். கடல் பார்க்கணும் என்றால் பிரிட்ஜுக்கு ஏறணும். கேப்டன் நல்ல மனுஷன், துறைமுகத்துக்குள் வழிகாட்டுகிற பைலட் ஏறியிருக்கும் நேரம் தவிர எப்ப வேணுமானாலும் வரச் சொல்லிவிட்டார். ராத்திரியில் அங்கே விளக்கு கிடையாது, ரேடார் திரை வெளிச்சம் மட்டும்தான். உள்ளே போனதும் சுவரைப் பிடித்துக்கொண்டு கண் பழகுகிற வரைக்கும் நிற்கணும். அதற்குள் இருட்டிலிருந்து யாரோ "காபியா, டீயா" என்று கேட்பார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். நான் கொழும்பில் இறங்குவதாகத்தான் டிக்கெட். நடுவழியில் கம்பெனியிடமிருந்து தகவல்: கொழும்பு ரத்து, நேராக போர்ட் கிளாங். அவ்வளவுதான். எனக்கு யாரும் வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை, ஏனென்றால் டிக்கெட்டின் பின்பக்கம் எல்லாம் எழுதியிருக்கிறது. மலேசியா விசாவையும் முன்கூட்டியே எடுக்க வைத்திருந்ததால் தப்பித்தேன். பெட்டிக்காகத்தான் கப்பல். பெட்டி எங்கே இறங்கணுமோ அங்கே போகும், நாம் கூட ஒட்டிக்கொண்டு போகிறோம். தேதி குறித்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது ஆகாது.

சாமுண்டிபுரத்தான் எழுதியது:

கொழும்பு ஸ்கிப் ஆன கதையா? அது எங்க ஆபீஸ்ல வாராவாரம் நடக்கறதுங்க. பையருக்கு மன்னிப்பு மெயில் போட்டுப் போட்டே கை தேஞ்சிருச்சு. 2023 கடைசில செங்கடல்ல கப்பலப் புடிக்க ஆரம்பிச்சதுல இருந்து எல்லாம் ஆப்பிரிக்காவச் சுத்திப் போச்சு, பத்துப் பதினஞ்சு நாள் எச்சு. சம்மர் சரக்கு சம்மர் முடிஞ்சு போய் எறங்குச்சு. நான் பயணியா இருந்தா அந்தப் பதினஞ்சு நாளும் எனக்கு லாபந்தானுங்களே?

ஹாம்பர்க் தம்பி, விசா வெவரம் இன்னுங் கொஞ்சம் சொல்லுங்க.

பொள்ளாச்சி-ஹாம்பர்க் எழுதியது:

அண்ணா, லாபமில்லை. அந்தப் பதினைந்து நாளுக்கும் நாள் கணக்கில் காசு கேட்கிற கம்பெனியும் உண்டு, விதிமுறையைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடணும்.

கப்பல்காரர்களுக்கு சீமேன் புத்தகம் இருக்கிறது, பல துறைமுகத்தில் ஷோர் பாஸ் (கரையில் இறங்க அனுமதிச்சீட்டு) கொடுப்பார்கள். பயணிக்கு அது கிடையாது, நாம் சாதாரண வெளிநாட்டுக்காரர்தான். ராட்டர்டாம், ஹாம்பர்க் என்றால் ஷெங்கன் விசா. ஃபெலிக்ஸ்டோவில் நின்றால் பிரிட்டன் விசா தனி. கீழே இறங்காவிட்டாலும் கேட்பார்கள். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், விசாவில் தேதி இருக்கும், கப்பலில் தேதி இருக்காது. ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருக்கிற என் நண்பன் அதே பயணத்துக்கு ஒரு வாரத்தில் பேப்பர் வேலையை முடித்தான், எனக்கு மூணு மாசம் ஆனது. வீடியோவில் வருகிற வெள்ளைக்காரர்கள் இந்தப் பகுதியைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு அப்படி ஒரு பகுதியே இல்லை.

கோபி இன்ஜின்ரூம் எழுதியது:

சீஃப் இன்ஜினியரா இருந்து ரிட்டயர் ஆனவன், இப்ப கோபில வாழையும் மஞ்சளும் பார்க்கறேன். உள்ளதச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

கப்பல் ஒண்ணும் ஊட்டி லாட்ஜ் இல்ல. 400 மீட்டர் கப்பலா இருந்தாலும் ஓட்டறது இருபது இருபத்தஞ்சு பேருதான். துறைமுகம்னா ராத்திரி பகல் தெரியாம ஓடிட்டிருப்பாங்க. அங்க போய் "இதென்னங்க, அதென்னங்க"ன்னு ஒருத்தர் பின்னாலயே வந்தா மொத நாள் சிரிப்பான், மூணாம் நாள் கதவச் சாத்திக்குவான். ஊர் சுத்தலாம்னு நெனச்சா அதும் நடக்காது. பெட்டிக் கப்பல் ஒரு நாள்ல ஏத்தி எறக்கிட்டுக் கெளம்பிரும், துறைமுகமும் ஊருக்குள்ள இருக்கறதில்ல.

சர்க்கரை இருக்குதுன்னீங்க. 100 பேரோ அதுக்கு மேலயோ இருந்து மூணு நாளுக்கு மேல வெளிநாட்டுக்குப் போற கப்பலுக்குத்தான் டாக்டர் கட்டாயம். சரக்குக் கப்பல்ல டாக்டர் வேலையும் செகண்ட் ஆபீசர்தான் பார்ப்பார். மருந்துப் பெட்டி இருக்கும், மருத்துவக் கோர்ஸ் முடிச்சிருப்பார். மிஞ்சிப் போனா ரோம்ல இருக்கற ரேடியோ டாக்டர்ககிட்டக் கேப்பாங்க, 1935ல இருந்து காசு வாங்காமச் சொல்லிட்டிருக்காங்க. தையல் போடறதுக்கு அது போதும். இந்துமாக் கடல் நடுவுல நெஞ்சு வலின்னா ஹெலிகாப்டர் அங்கெல்லாம் எட்டாது.

இன்ஜின் ரூம் பார்க்கோணும்னு எல்லாரும் கேப்பாங்க. ஏழெட்டு மாடி உயரம் எறங்கோணும், நாப்பது டிகிரிக்கு மேல சூடு, சத்தத்துக்குக் காத மூடற மப்ஸ் இல்லாம நிக்க முடியாது. எரிக்கற எண்ணெய் சாதாரணமா ரோட்டுத் தாரு மாதிரி இருக்கும். அத 130 டிகிரிக்குக் கிட்டச் சூடு பண்ணித்தான் இன்ஜினுக்கு உடோணும். 2008க்குப் பொறவு எண்ணெய் மிச்சம் புடிக்கறதுக்கு எல்லாக் கம்பெனியும் வேகத்தக் கொறச்சுட்டாங்க. முன்ன 24 நாட் (மணிக்கு இத்தன கடல் மைல்ங்கற கணக்கு) வேகத்துல ஓடுன கப்பல் இப்ப பதினஞ்சு, பதினாறுல போகுது. ஒரு நாள் பூராம் ஓடுனா 700 கிலோமீட்டருக்குக் கிட்ட. கோயமுத்தூர்ல இருந்து சென்னை 500, அப்ப நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

சாமுண்டிபுரத்தான் எழுதியது:

அண்ணா, திட்டுனாலும் வெவரமாத் திட்டறீங்க. ஒண்ணே ஒண்ணு. நான் இங்க பெட்டில சரக்க நல்லாக் காய வெச்சுத்தான் ஏத்தறேன், பெட்டில ஓட்டையும் இல்ல. ஜனவரி மாசம் அங்க தொறந்தா மேல் அட்டப்பெட்டி நனஞ்சு பூஞ்சக்காளான் புடிச்சிருக்குதுன்னு போட்டோ வருது. கடல்தண்ணி உள்ள போயிருக்குமுங்களா?

கோபி இன்ஜின்ரூம் எழுதியது:

கடல்தண்ணி இல்லீங்க, அது பெட்டிக்கு வேர்க்கறது. தூத்துக்குடில பெட்டி மூடறப்ப உள்ள மாட்டற காத்துல ஈரம் ஏகமா இருக்கும். பஞ்சுத்துணி, அட்டப்பெட்டி, கீழ போட்ட மரப்பலகை, எல்லாமே ஈரத்த வெச்சிருக்கும். மத்திய தரைக்கடல் தாண்டுனதும் வெளிய குளுரு, கூரைத் தகடு சில்லுனு ஆயிருது. உள்ள இருக்கற ஈரம் தகட்டுல போய் ஒட்டி, முத்து முத்தா நின்னு, கப்பல் ஆடறப்ப மேல் வரிசைல சொட்டும். கீழ் வரிசை காஞ்சே இருக்கும். உங்க போட்டோவுலயும் மேல் வரிசைதான நனஞ்சிருக்கு?

டெக்ல மேல் அடுக்குல இருக்கற பெட்டிக்கு வெயிலும் குளுரும் நேரா அடிக்கும். உள்ள கப்பல் வயித்துல இருக்கற பெட்டிக்கு அவ்வளவு இல்ல. எந்தப் பெட்டி எங்க போகும்ங்கறது உங்க கைல இல்ல, கப்பல்ல அடுக்கறதத் திட்டம் போடற பிளானர் சொல்றதுதான். நீங்க ஈரம் உறிஞ்சற பையக் கூரைக்குப் பக்கத்துல, பக்கத்துத் தகட்டுல மாட்டி விடுங்க. அட்டப்பெட்டிக்குள்ள போடற சின்ன சிலிக்கா பொட்டலம் இதுக்குப் பத்தாது. மேல ஒரு கிராஃப்ட் பேப்பரும் விரிச்சு உடுங்க.

இருகூர் பெட்டி எழுதியது:

கோபி அண்ணா சொன்னது அச்சு அசல். பெட்டிக்கடில போடற பேலட் பச்ச மரமா இருந்தா இன்னும் மோசம். பொள்ளாச்சில தேங்காநார்க் கட்டி ஏத்தற பார்ட்டிக இதுல கெட்டிக்காரங்க, ஈரத்த மீட்டர் வெச்சுப் பார்த்துட்டுத்தான் கதவச் சாத்துவாங்க.

பெருந்துறை மருமகள் எழுதியது:

எல்லா அண்ணாமார்களுக்கும் வணக்கமுங்க. இந்தத் தலைப்புல ஆம்பளைங்களே பேசிட்டிருக்கறீங்க. நம்ம நாட்டுல சரக்குக் கப்பல்ல வேலை இல்லாமப் போய் வந்தவங்க யாருன்னு கேட்டா, பாதிக்கு மேல ஆபீசர்க பொண்டாட்டிகதான். எங்க வீட்டுக்காரர் சீஃப் ஆபீசர். கல்யாணமான புதுசுல ஒரு காண்ட்ராக்ட் பூராம் கூடப் போனேன். பல கம்பெனிக சீனியர் ஆபீசருக்கு இத அனுமதிக்கறாங்க. டிக்கெட் இல்ல. மெடிக்கல் பார்ப்பாங்க, எனக்கு ஏதாவது ஆனா கம்பெனி பொறுப்பில்லைன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்குவாங்க, பெயர சூப்பர்நியூமரரி (வேலைக் கணக்குல சேராத கூடுதல் ஆளு)ன்னு பட்டியல்ல சேப்பாங்க. மாசமா இருந்தா ஏத்த மாட்டாங்க. சோமாலியாக் கொள்ளக்காரங்க தொந்தரவு இருந்த காலத்துல பல கம்பெனிக குடும்பத்த ஏத்தவே இல்ல.

எங்களது பல்க் கேரியர், பெட்டி இல்லாமச் சரக்க அப்படியே கொட்டி ஏத்தற கப்பல். தென்னாப்பிரிக்கா ரிச்சர்ட்ஸ் பே-ல நெலக்கரி ஏத்திட்டு நம்ம ஊருப் பக்கம் வரும். ஜன்னலுக்கு நேரா பெட்டியெல்லாம் இல்லீங்க, சரக்கறைய மூடற ஹேட்ச் மூடி வரிசையும் அதுக்கு அங்கிட்டுக் கடலும்தான். ஆனா ராத்திரி ஜன்னல் துணிய இழுத்து மூடியே ஆகோணும். நம்ம ரூம் வெளிச்சம் முன்னாடி டெக்ல விழுந்தா மேல பிரிட்ஜ்ல நிக்கறவங்களுக்குக் கடல் தெரியாதாம். மொத ராத்திரியே மூடாம விட்டேன், போன் அடிச்சுக் கேட்டது எங்க வீட்டுக்காரரேதான், "மேடம், கர்ட்டன்"னு.

அவருக்கு நாலு-எட்டு வாட்ச், அதாவது பிரிட்ஜ்ல காவல் முறை. காத்தால நாலுல இருந்து எட்டு, சாயங்காலம் நாலுல இருந்து எட்டு. மிச்ச நேரம் டெக் வேலை, பேப்பர் வேலை. தூங்கறப்பவும் சாப்படறப்பவும்தான் பார்க்க முடியும். கப்பல் பூராம் நான் ஒருத்திதான் பொம்பள. மரியாதையா நடத்துனாங்க, அதுல ஒரு கொறையும் இல்ல. பேச ஆளில்லைங்கறதுதான். கடைசில சமையக்கட்டுதான் கதின்னு போயிட்டேன்.

கடல் ரொம்ப ஆடுனா மெஸ்ஸுல மேசத்துணிய நனச்சு விரிப்பாங்க, வட்டல் வழுக்காது. நாற்காலிய சங்கிலில மாட்டிருவாங்க. படுக்கைல இருந்து உருண்டு விழாம இருக்க மெத்தைக்கு வெளி ஓரத்துல லைஃப் ஜாக்கெட்டச் சொருகோணும், மெத்தை சுவத்துப் பக்கமா சாஞ்சு ஒரு பள்ளம் ஆயிரும், அதுல படுத்துக்கலாம். இத எனக்குச் சொல்லிக் குடுத்தது ஒரு பிலிப்பினோ பையன். மொத நாலு நாள் எனக்கு வயித்துல ஒண்ணும் நிக்கல. பொறவு உடம்பு பழகிருச்சு.

துறைமுகத்துக்கு வெளிய நங்கூரம் போட்டு நிக்கறதுதான் பெரிய கொடும. எடம் காலியாகற வரைக்கும் காத்திருக்கோணும், வாரக் கணக்காவும் ஆகும். கரை கண்ணுக்குத் தெரியுது, கட்டடம் தெரியுது, ராத்திரி ரோட்டுல வண்டி போற வெளிச்சம் தெரியுது, எறங்க முடியாது. கடல்ல ஓடிட்டிருக்கறப்ப அந்த வெசனம் வரலீங்க.

கோபி அண்ணா, கப்பல்ல ஒண்ணுமில்லங்கற மாதிரிச் சொல்றீங்க. நீங்க இன்ஜின் ரூம்லயே இருந்ததால மேல என்ன இருந்துதுன்னு உங்களுக்குத் தெரியல போலிருக்கு. பறக்கற மீனு காத்தால டெக்ல கெடக்கும், பொறுக்கிட்டு வந்து வறுத்துத் தின்னிருக்கோம்.

கோபி இன்ஜின்ரூம் எழுதியது:

அம்மிணி, மீனு டெக்ல விழும், இன்ஜின் ரூம்ல விழாதுங்களே! சரி, நீங்க பாடு பட்டு வந்தவங்க, உங்ககிட்ட நான் வாதாடல. ஆனா நீங்க சொன்ன நங்கூரக் கதையத்தான் நானும் சொல்றேன். காசு குடுத்துப் போறவருக்கு அது நடந்தா யாரக் கேக்கறது?

காங்கேயம் காளை எழுதியது:

அக்கா, சோத்துக்கு என்ன பண்ணுனீங்க?

பெருந்துறை மருமகள் எழுதியது:

குக்கு விசாகப்பட்டணத்துக்காரர், கோழிக்கொழம்பு அருமையா வெப்பார். எங்கூரு ருசி வேணுமேன்னு ஞாயித்துக்கெழம அரிசிம்பருப்பு சோறு ஆக்குனேன், நெய்யும் ஊறுகாயும் வெச்சு. பிலிப்பினோக்காரங்க மூணு தரம் வாங்கித் தின்னாங்க. கொள்ளு நான் ஒரு பை கொண்டு போயிருந்தேன், அது குளுருக்கு ஆச்சு. காய்கறில கீரை, தக்காளி மொத வாரத்துல தீரும், அப்பறம் முட்டக்கோசு, கடைசில உருளக்கெழங்கும் வெங்காயமும்தான். மேக்க போறப்ப சில நாள் ராத்திரில கடியாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வெப்பாங்க. எல்லாத்துக்கும் தூக்கம் எச்சு கெடைக்கும்னு ஒரே சந்தோசமா இருப்பாங்க. கெழக்க வாரப்ப அதப் புடுங்கிக்குவாங்க.

நெலக்கரி எறக்கற ரெண்டு மூணு நாளும் துணி தொவைக்காதீங்க. அது எத்தன கதவச் சாத்துனாலும் உள்ள வந்துரும், தலகாணி உறைல கருப்பு முகம் அச்சா இருக்கும்.

நம்பியூர் தம்பி எழுதியது:

குறுக்க கேக்கறதுக்கு மன்னிச்சுக்கங்க. பி.எஸ்சி. முடிச்சிருக்கறேன். கப்பல்ல சும்மா ஏறிப் போகக் காசில்ல, வேலை பாத்துட்டே ஊர் சுத்தலாம்னு ஆசை. சென்னைல ஒரு ஏஜென்டு மூணு லச்சம் கட்டுனா நேரா கப்பல்ல ஏத்தி விடறேங்கறார். அப்பா தோட்டத்து மேல கடன் வாங்கலாம்னு இருக்கறார்.

கோபி இன்ஜின்ரூம் எழுதியது:

தம்பி, அப்பாவ மொதல்ல நிறுத்தச் சொல்லு. இன்னைக்கே.

வேலைக்கு ஆள் எடுக்கற ஏஜென்டுக்கு கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் குடுக்கற ஆர்.பி.எஸ்.எல். (ஆள் எடுக்கற லைசென்ஸ்) நெம்பர் இருக்கோணும். அவங்க இணையதளத்துல பட்டியல் இருக்குது, நீயே தேடிப் பாரு. லைசென்ஸ் இருந்தாலும் வேலைக்குன்னு மாலுமிகிட்ட காசு வாங்கறது சட்டப்படி குத்தம். "நேரா கப்பல்ல"ங்கறதே பொய். இண்டோஸ் நெம்பர் (மாலுமிப் பதிவு நெம்பர்), சி.டி.சி. புத்தகம் (சீமேன் புத்தகம்), எஸ்.டி.சி.டபிள்யூ. அடிப்படைக் கோர்ஸ் (பாதுகாப்புப் பயிற்சி), மெடிக்கல் இல்லாம கப்பல் ஏறுற கேங்வேல கால் வெக்க முடியாது. அடிமட்டத்துல சேரோணும்னா ஜி.பி. ரேட்டிங்னு ஆறு மாசக் கோர்ஸ் இருக்குது, அதயும் அங்கீகாரம் இருக்கற எடத்துலதான் படிக்கோணும். நம்ம பக்கத்துப் பையனுக ஏகப்பட்ட பேரு இப்படிக் காசக் கட்டி, பாம்பேல ரூம்ல படுத்துக் கெடந்துட்டு வந்திருக்கறானுக.

சமையல் பண்ணிக் குடுத்து, பெயின்டு அடிச்சுக் குடுத்துக் கப்பல்ல ஊர் சுத்தற காலம் மலையேறிப் போச்சு. 2004ல துறைமுகப் பாதுகாப்புச் சட்டம் வந்ததுக்குப் பொறவு பட்டியல்ல பேரில்லாத ஆளு கேட்டையே தாண்ட முடியாது.

அவிநாசி ரோடு எழுதியது:

எனக்கு ஒண்ணு புரியல. நாளுக்கு 100 யூரோ, 25 நாளுன்னு வெச்சுக்கங்க, 2,500 யூரோ. ரெண்டரை லட்ச ரூபா ஒரு வழிக்கு. அதுக்கு புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஃப்ளைட்ல போய்ட்டு வந்து மிச்சத்துல சுவிட்சர்லாந்தும் பார்க்கலாம். சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு யாராவது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், நீங்க ஏறுனாலும் ஏறாட்டியும் அந்தக் கப்பல் போகத்தான் போகுது. 2025 மே மாசம் கொச்சிக்கு வெளிய எம்.எஸ்.சி. எல்சா 3ங்கற பெட்டிக் கப்பல் மூழ்குச்சே, 640 பெட்டியோட. அதையும் யோசிங்க.

பெருந்துறை மருமகள் எழுதியது:

அதுல இருந்த 24 பேரையும் உசுரோட காப்பாத்துனாங்கங்கறதயும் சேத்துச் சொல்லுங்க அண்ணா. அவிநாசி ரோட்டுல பைக்ல போறதவிட அங்க பயம் கம்மிதான்.

தாராபுரம் பேரன் எழுதியது:

இது நம்மளுக்குப் புதுசுன்னு நெனச்சுப் பேசறோம். எங்க அப்பாரு ரஜூலாவுல பினாங்குக்குப் போனவர். 1926ல கட்டுன கப்பல், சென்னை, நாகப்பட்டணம், பினாங்கு, சிங்கப்பூர்னு அம்பது வருசத்துக்குக் கிட்ட ஓடுச்சு. கேபின்ல ஒரு சிலர்தான், டெக்ல பாய் விரிச்சவங்கதான் எச்சு. வெங்காயம், துணிமூட்டை, ஆளு, எல்லாம் ஒட்டுக்காத்தான் போச்சு. காத்தடிக்கற பக்கம் எடம் புடிக்க நாகப்பட்டணத்துல அடிதடியே நடக்குமுன்னு சொல்லுவார். அதுக்கப்பறம் எம்.வி. சிதம்பரம் வந்துது. 1980கள்ல நடுக்கடல்ல தீப்புடிச்சு ஏகப்பட்ட உசுரு போச்சு, சிங்கப்பூர் லைனும் அதோட முடிஞ்ச மாதிரிதான்.

இன்னொண்ணு. தூத்துக்குடில இருந்து கொழும்புக்கு ஆளும் சரக்கும் ஏத்திக் கப்பல் உட்டவர் நம்ம வ.உ.சி. 1906ல கம்பெனி ஆரம்பிச்சார், 1908ல புடிச்சு உள்ள போட்டாங்க. செக்கிழுத்தது எங்க? காந்திபுரத்துல இருக்கற நம்ம கோயமுத்தூர் ஜெயில்லதான். கடலே இல்லாத ஊர்ல கொண்டாந்து அடச்சானுக. சாமுண்டிபுரத்தார் பெட்டி அனுப்பற துறைமுகத்துக்கு இன்னைக்கு அவர் பேரு.

இருகூர் பெட்டி எழுதியது:

அருமையாச் சொன்னீங்க பேரன்.

சாமுண்டிபுரத்தாருக்கு ஒரு ரோசனை. ஐரோப்பாவுக்கு டிக்கெட் கெடைக்கற வரைக்கும் காத்திருந்தா வயசு வரம்பு தாண்டிரும். ஆளும் சரக்கும் ஒண்ணாப் போற கப்பல் இங்கயே இருக்குதுங்க. சென்னைல இருந்து அந்தமானுக்கு நான்கௌரி, ஸ்வராஜ் த்வீப் மாதிரிக் கப்பல்க போகுது. மூணு நாளுக்குக் கிட்ட ஆகும், நடுவுல கரையே தெரியாது. நம்ம நாட்டுக்குள்ளங்கறதால விசாத் தொல்ல இல்ல, அடையாள அட்டை போதும். மாசத்துக்கு நாலஞ்சு தடவைக்குள்ளதான் ஓடும், தேதி முன்னப் பின்ன ஆகும். அது உங்களுக்குப் பழக்கந்தான்.

கொச்சில இருந்து லட்சத்தீவுக்கும் கப்பல் இருக்குது, கோயமுத்தூர்ல இருந்து நாலஞ்சு மணி நேரத்துல துறைமுகத்துக்குப் போயிரலாம். ஆனா பெர்மிட் வாங்கோணும். நாகப்பட்டணம் – காங்கேசன்துறை படகு 2024 ஆகஸ்ட்ல இருந்து மறுபடி ஓடுது, அது நாலு மணி நேரம்தான், பாஸ்போர்ட் வேணும். உங்க ஆசைக்கு அது பத்தாது.

பொள்ளாச்சி-ஹாம்பர்க் எழுதியது:

நல்ல யோசனை. சாமுண்டிபுரத்து அண்ணா, நெதர்லாந்து போனபிறகு ராட்டர்டாமில் ஒரு வேலை செய்யுங்கள். மாஸ்ஃப்ளாக்டே என்கிற துறைமுகப் பகுதியில் பொதுமக்கள் பார்க்கிற மாதிரி இடம் இருக்கிறது, துறைமுகத்தைச் சுற்றிக் காட்டுகிற படகும் உண்டு. அங்கே ஆளே இல்லாத வண்டிகள் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடும். உங்கள் பெட்டி எந்தக் கப்பலில் வருகிறது என்று உங்களுக்குத்தான் தெரியுமே, அந்தத் தேதிக்குப் போய் நில்லுங்கள்.

சாமுண்டிபுரத்தான் எழுதியது:

எல்லாத்துக்கும் நன்றிங்க. ரெண்டு நாளா இதப் படிச்சுட்டே இருந்தேன், ஊட்டுக்காரம்மாளுக்கும் படிச்சுக் காட்டுனேன். நெதர்லாந்துக்கு ஃப்ளைட்டுதான்னு முடிவு பண்ணிட்டோம், மக கேட்ட தேதிக்குப் போய் எறங்கோணும், பேரனுக்குக் காது குத்தறாங்க. அதுக்கு முன்னாடி மாசி, பங்குனில அந்தமான். போறப்ப கப்பல், வாரப்ப ஃப்ளைட்டு. இப்ப அவளும் வாரேங்கறா.

ஒரே ஒரு சந்தேகம். பங்க் கிளாஸ் சீப்பா இருக்குது. அது போதுமுங்களா, கேபின் எடுக்கோணுமுங்களா? அப்பறம் வாந்திக்கு என்ன கொண்டு போறது?

பெருந்துறை மருமகள் எழுதியது:

அக்காவும் வர்றாங்கன்னா பங்க் எடுக்காதீங்கண்ணா. அது பெரிய ஹாலு, வரிசையாக் கட்டல், கக்கூசு பொது. கூட்டம் எச்சா இருந்தா ரெண்டாம் நாளே மூக்கப் புடிச்சுட்டுத்தான் போகோணும். ரெண்டு பேர் கேபின் கெடைச்சா எடுத்துருங்க, இல்லீனா செகண்ட் கிளாஸ். கீழ்த் தட்டுல, கப்பலுக்கு நடுவாப்புல இருந்தா ஆட்டம் கம்மி. வாந்திக்கு அவோமின் மாத்திரைய ஏறுறதுக்கு முன்னாடியே போடோணும், வாந்தி வந்தப்பறம் போட்டு புண்ணியமில்ல. நீங்க சர்க்கரைக்கு மாத்திரை சாப்படறதால உங்க டாக்டர்கிட்டக் கேட்டுட்டுப் போடுங்க. வெறும் வயித்தோட இருக்காதீங்க, ரெண்டு பிஸ்கட்டாவது உள்ள இருக்கோணும். எலுமிச்சங்கா, சுக்கு, முறுக்கு கொண்டு போங்க. தட்டும் தம்ளரும் உங்களுதா எடுத்துக்கங்க.

கோபி இன்ஜின்ரூம் எழுதியது:

மாசி, பங்குனி நல்ல நேரம், வங்காள விரிகுடா அமைதியா இருக்கும். ஐப்பசி, கார்த்திகைல மட்டும் போயராதீங்க. ஏறுனதும் மஸ்டர் ஸ்டேசன் (ஆபத்துன்னா எல்லாரும் கூடற எடம்) எங்கன்னு பார்த்து வெச்சுட்டு, லைஃப் ஜாக்கெட்டு ஒருக்காப் போட்டுப் பாருங்க. அப்பறம் கடலப் பாருங்க.

காங்கேயம் காளை எழுதியது:

அண்ணா, அக்காளுக்கும் வி.ஜி.எம். எடுத்துருங்க.

இருகூர் பெட்டி எழுதியது:

காளைய அடக்குங்கப்பா யாராவது. அண்ணா, அந்தமான் கப்பல் அட்டவணை வந்ததும் தேதியோட இங்கயே போடறேன். கேபின் டிக்கெட் தொறந்த அன்னைக்கே தீந்துரும், அடையாள அட்டை நகலும் போட்டோவும் இப்பவே எடுத்து வெச்சுக்கங்க.